அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே ஒரு நட்சத்திரம், ஒரு குடில்

கேள்வி: மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. போன கிறிஸ்துமஸுக்குக் கடையில் வாங்கிக் கட்டிய நட்சத்திரம், இரண்டே மழையில் கிழிந்து தொங்கியது. குடிலில் புல்தரைக்காக விதைத்த ராகியோ பூஞ்சை பிடித்து நாறிவிட்டது. இந்த வருடம் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே எல்லாம் செய்ய ஆசை. ஆனால் அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதிதான் முடிகிறது. ஒரே நாளில் முடித்துவிட முடியுமா? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முடியாது. பசை காயவே ஒரு ராத்திரி வேண்டும், ராகி முளைத்து நிற்க ஒரு வாரம் வேண்டும். 24ஆம் தேதி எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வேலை முழுக்க உங்கள் தலையில் விழும். மரம், தோரணம், பஞ்சுப் பனி எல்லாவற்றையும் இந்த வருடம் விட்டுவிடுங்கள். நட்சத்திரமும் குடிலும் போதும். நட்சத்திரத்தின் சட்டத்தைத் திருவருகைக் காலத்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) முதல் ஞாயிறன்று, படிப்பு மும்முரமாகும் முன்பே கட்டிவிடுங்கள்.

கூடை முடைபவர்களிடம் 60 செ.மீ. நீளத்தில் 10 மூங்கில் பிளாச்சு (மெல்லிய கீற்று) கேளுங்கள். சுண்டுவிரலில் பாதி அகலம் இருந்தால் சரி. பளபளப்பான மேல்தோல் உள்ளதாக வாங்குங்கள். தோல் இல்லாத உள்பகுதி வளைத்தால் ஒடியும். சிலாம்பு குத்தாமல் இருக்க ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. தள்ளி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து பிளாச்சுகளை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகக் கோத்து, கோடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நிறுத்தினால் ஐந்து முனையும் சமமாக வரும். கோணமானி தேவையில்லை. கண் மதிப்பில் கட்டும்போதுதான் ஒரு கால் நீண்டு நட்சத்திரம் நொண்டுகிறது. முதலில் எல்லா இடத்திலும் ரப்பர் பேண்ட் போடுங்கள், நகர்த்திச் சரிபார்க்கலாம். சரியானதும் சணல் நூலால் இறுக்கிக் கட்டிவிட்டு ரப்பரை வெட்டிவிடுங்கள்.

இதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உள்ளே பிளாச்சுகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் 12 செ.மீ. குச்சி ஒவ்வொன்றை இரண்டு சட்டத்துக்கும் நடுவே நிறுத்தினால் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும். குச்சியின் இரு தலையிலும் சிறு வெட்டு இருந்தால் வழுக்காது. இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். கடைசிக் குச்சியை நுழைக்கும்போது பிளாச்சு முறிந்தால் அது தடிமன் என்று அர்த்தம், சீவி மெலிதாக்குங்கள்.

இனி தாள். ஒவ்வொரு காலுக்கும் நான்கு முக்கோணம், ஆக 20 முக்கோணம், முன்னால் ஒரு ஐங்கோணம். பின்பக்க ஐங்கோணத்தைத் திறந்தே விடுங்கள். பல்பு மாற்றவும் சூடு வெளியேறவும் அதுதான் வழி. முன்னும் பின்னும் உள்ள முக்கோணங்களுக்கு அடிப்பக்கம் 14, பக்கவாட்டு முக்கோணங்களுக்கு 12, மற்ற இரு பக்கம் 23 செ.மீ. மடிக்க ஓரத்தில் ஒன்றரை செ.மீ. கூட்டி வெட்டவும். நாளுக்கு நாலைந்து போதும். பாடம் முடிந்து கால்மணி நேரம் மகள் வெட்டட்டும். பசை தடவுவது மகன் வேலை.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இன்னொரு கப் தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்துக் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறினால் பசை தயார். பூச்சி வராமல் இருக்கச் சிலர் துருசு (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், 5 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம். பசையை மூங்கிலில் தடவுங்கள், தாளில் அல்ல. ஈரமான மெல்லிய தாள் தூக்கும்போதே கிழியும்.

போன வருடத் தாள் கிழிந்ததற்கு மழை மட்டும் காரணமாக இருக்காது, பனியே போதும். பட்டத்தாள் என்றால் போர்ட்டிகோவுக்குள்தான் தொங்க வேண்டும். நனைந்தால் சாயமும் கசிந்து சுவரைக் கெடுக்கும். மேலே மறைப்பு இல்லாத வீடு என்றால் கலர் கண்ணாடிப் பேப்பர் வாங்குங்கள். அதில் மைதாப் பசை பிடிக்காது, டபுள் சைடு டேப்தான்.

உள்ளே அரை வாட் எல்இடி நைட் பல்பு போதும். பழைய குண்டு பல்பு கூடவே கூடாது, தாளுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. நட்சத்திரத்தை ஒயரில் தொங்கவிடாமல் மேல்முனையில் தனிக் கயிறு கட்டுங்கள். கீழ் இரண்டு முனைகளுக்கும் நூல் கட்டி இழுத்து வைத்தால் காற்றில் சுழலாது. ஒயர் வீட்டுக்குள் இருக்கும் பிளக் வரை ஒரே நீளமாக வர வேண்டும். வெளியே டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் மழையில் ஷாக் அடிக்கும்.

இனி ராகி. 14ஆம் தேதி இரவு இரண்டு மேசைக்கரண்டி ராகியை ஊறப்போடுங்கள். காலையில் வடித்துத் துணியில் கட்டி வைத்தால் 16ஆம் தேதி வெள்ளை முளை தெரியும். முளைக்காவிட்டால் பழைய ராகி. வேறு வாங்கி மறுபடி ஊறவைக்க இன்னும் நாள் இருக்கிறது. ஏ4 தாள் அளவு தட்டில் அடியில் ஓட்டை போட்டு, ஒரு அங்குலம் ஈரத் தேங்காய் நார்க்கழிவு பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவுங்கள். நெருக்கித் தூவுவதும் தண்ணீர் தேங்குவதும்தான் பூஞ்சைக்குக் காரணம். சொம்பால் ஊற்றாமல் ஸ்பிரே பாட்டிலால் காலை, மாலை தெளிக்கட்டும் – 5 வயதுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. முதல் நாள் மட்டும் செய்தித்தாளால் மூடி, பிறகு ஜன்னலோரம் வையுங்கள். இருட்டிலேயே விட்டால் மஞ்சளாக நீண்டு சாய்ந்துவிடும்.

குடிலை 23 மாலை தொடங்கினால் போதும். தரையில் பாலித்தீன் விரித்து அட்டைப்பெட்டியை வையுங்கள், அடியில் ஈரம் ஏறாது. வைக்கோலை முன்பே இரண்டு நாள் வெயிலில் போட்டு உதறுங்கள். அதில் தங்கிய நெல்மணிக்குத்தான் எலியும் எறும்பும் வரும். மலைக்குக் காக்கித் தாளைக் கசக்கி விரித்தால் பாறை மடிப்பு தானாக வரும். தெர்மாகோல் வேண்டாம், உதிர்ந்து வீடெல்லாம் பறக்கும், தீயும் சீக்கிரம் பிடிக்கும். வைக்கோலுக்குள் மெழுகுவர்த்தியோ கரண்டில் எரியும் சீரியல் லைட்டோ கூடாது. பேட்டரி விளக்கு வைக்கலாம். ஆனால் பட்டன் பேட்டரி போடும் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பாலன் இயேசு சுரூபத்தை நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து பிள்ளைகளே வைக்கட்டும். மூன்று ராஜாக்களை வீட்டின் மறுகோடியில் நிறுத்தி, தினமும் ஒரு சாண் நகர்த்தினால் அவர்கள் பாலனைக் கண்ட நாளான திருக்காட்சிப் பெருவிழா வரை விளையாட்டு உண்டு. ஆடுகள் மலை உச்சியில் நின்றாலும், ஒட்டகம் மாட்டைவிடச் சின்னதாக இருந்தாலும் திருத்தாதீர்கள்.

பிரிக்கும்போது சுரூபங்களைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள். மண்ணும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தண்ணீர் பட்டால் சாயம் உரியும். செய்தித்தாள் மை ஒட்டும், பழைய வேட்டித் துண்டில் சுற்றி வையுங்கள். நட்சத்திரத்தில் தாளை மட்டும் உரித்து, பசை மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, சட்டத்தைப் பரணில் போடுங்கள். அடுத்த வருடம் 21 துண்டு தாள் வெட்டினால் போதும்.