ஐரோப்பாவைத் தரைவழியே கடக்கும்போது எல்லைத் தாமதம் எங்கே வரும்?

லண்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். ஆகஸ்டில் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அவர்களோடு மனைவியையும் 9 வயது மகளையும் கூட்டிக்கொண்டு லண்டன், பாரிஸ், சூரிக், மியூனிக், சால்ஸ்பர்க், வெனிஸ், ஸ்லோவேனியாவின் லுப்லியானா, குரோஷியாவின் ஸ்ப்ளிட், டுப்ராவ்னிக் என்று ரயிலிலும் பஸ்ஸிலும் போய், கடைசியில் விமானத்தில் லண்டன் திரும்புவது திட்டம். "எல்லையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு எல்லைக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? மலிவான டிக்கெட்டுகளை இப்போதே வாங்கிவிடலாமா?" என்பது அவர் கேள்வி.

ஒவ்வொரு எல்லைக்கும் நேரம் ஒதுக்க வேண்டாம். உங்கள் வழியில் எட்டு எல்லைகள் வருகின்றன. ஆனால் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துப் பதிவு செய்யும் இடம் இரண்டுதான். முதலாவது, நீங்கள் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் தொகுதிக்குள், நுழையும் இடம். இரண்டாவது, அதிலிருந்து வெளியேறும் இடம். கைவசம் இருக்கும் நேரத்தை அந்த இரண்டு இடத்திலும் கொட்டுங்கள்.

நுழையும் இடம் பாரிஸ் அல்ல, லண்டன். பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறும் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே பிரெஞ்சு எல்லைப் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது. அங்கே முடித்துவிட்டால் பாரிஸில் இறங்கி நேராக வெளியே நடந்துவிடலாம். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை படிப்படியாக வந்தது. முதல் முறை பதிவாகிறவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். உங்களைப் போல விசா வாங்கிப் போகிறவர்களின் கைரேகை, விசா விண்ணப்பத்தின்போதே எடுக்கப்பட்டிருக்கும். அதனால் புதிதாகப் பதிவாவது முகப்படம் மட்டும்தான். கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க விரலை வைக்கச் சொல்லலாம். 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது, மகளுக்குப் படம் மட்டும். கட்டணம் எதுவும் இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து நிற்கும்போது எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கு முன்னால் இருக்கும் வரிசையைப் பொறுத்தது. டிக்கெட்டில் எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களோ அதற்கு வந்து நில்லுங்கள். வாரநாள் காலை ரயிலாக எடுப்பது நல்லது. ஆகஸ்ட் சனிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

டோவர் துறைமுகம் வழியாகப் பஸ்ஸில் போகலாமா என்று யோசித்தால், அப்பா அம்மா இருப்பதால் நான் தடுப்பேன். பஸ்ஸில் வந்த அத்தனை பேரின் பாஸ்போர்ட்டும் பார்த்து முடிந்தால்தான் வண்டி நகரும். 2023 ஈஸ்டருக்கு முந்தைய வார இறுதியில் டோவரில் பஸ்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தன. வயதானவர்களை அப்படி உட்கார வைக்கக் கூடாது.

இப்போது டிக்கெட் விஷயம். எனக்குப் பெரிய கவலை இதில்தான். வரிசையில் நேரம் போய் யூரோஸ்டாரைத் தவறவிட்டால், பாரிஸிலிருந்து சூரிக் போகும் ரயில் உங்களுக்காக நிற்காது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால், தாமதத்தால் இணைப்பு ரயில் போய்விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் இதெல்லாம் ரயில் தாமதமானால்தான். ரயில் நேரத்துக்குக் கிளம்பி, நீங்கள் பாஸ்போர்ட் வரிசையில் நின்றிருந்தால், அது ரயிலின் தாமதம் ஆகாது. தனித்தனியாக வாங்கிய டிக்கெட் என்றால் அடுத்த ரயிலுக்கு ஐந்து டிக்கெட்டையும் அன்றைய விலைக்கு வாங்க வேண்டிவரும். பயணக் காப்பீடு எடுக்கும்போதும் எல்லை வரிசையால் தவறிய இணைப்புக்குப் பணம் உண்டா என்று வாசகத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

அதனால் பாரிஸில் ஓர் இரவு தங்குங்கள். முடியவே முடியாது என்றால் மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு, மாற்றிக்கொள்ளக் கூடிய டிக்கெட்டாக அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் வாங்குங்கள். நீங்கள் இறங்குவது கார் து நோர் நிலையம், சூரிக் ரயில் கிளம்புவது கார் து லியோன் நிலையம். ஆர்இஆர் என்ற நகர ரயிலின் டி வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம்தான். ஆனால் பெட்டிகளோடும் பெரியவர்களோடும் படி ஏறி இறங்குவதைவிட டாக்சி மேல். சூரிக்குக்கு அப்புறம் உள்ள ரயில்களுக்கு மலிவான டிக்கெட்டை இப்போதே தைரியமாக வாங்கலாம்.

ஏன் தைரியமாக என்கிறேன்? ஷெங்கனுக்குள்ளேயே சில நாடுகள் தற்காலிகச் சோதனை வைத்திருக்கின்றன, உண்மைதான். ஆனால் சோதனை செய்கிற நாடு தனக்குள் வருகிறவர்களைத்தான் பார்க்கும். எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்து நீட்டித்து வருகிறது. சூரிக்கிலிருந்து மியூனிக் போகும்போது ஜெர்மன் எல்லை ஊரான லிண்டாவ் பக்கம் போலீஸ் ரயிலில் ஏறலாம். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வையுங்கள், போதும். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போவது ஜெர்மனியை விட்டு வெளியேறும் திசை. தாமதம் எதிர்ப்பக்கம் வருகிறவர்களுக்குத்தான். இத்தாலி, 2023 அக்டோபர் முதல், ஸ்லோவேனியாவிலிருந்து வருகிறவர்களைச் சோதிக்கிறது. நீங்கள் இத்தாலியிலிருந்து ஸ்லோவேனியாவுக்குப் போகிறீர்கள். ஸ்லோவேனியா குரோஷியாவிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கிறது. அங்கேயும் நீங்கள் எதிர்த்திசை. இதே பயணத்தைத் தலைகீழாகத் திட்டமிட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இந்தச் சோதனைகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறக் கூடியவை. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் நடப்புப் பட்டியல் இருக்கிறது. கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள்.

லுப்லியானாவிலிருந்து ஸ்ப்ளிட் போகும் நாளும் சனிக்கிழமையாக வேண்டாம். அட்ரியாடிக் கடற்கரையில் விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்த வீடுகளைப் பழையவர்கள் காலி செய்து புதியவர்கள் வந்து சேரும் நாள் அது. அங்கே உங்களை நிறுத்தப்போவது போலீஸ் அல்ல, கார்கள்.

ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ராவ்னிக் போகும் வழியில் ஒரு பொறி இருக்கிறது. நடுவில் நெயும் என்ற ஊரில் போஸ்னியா கடலைத் தொடுகிறது. போஸ்னியா ஷெங்கனில் இல்லை. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு வெளியேறாமலே டுப்ராவ்னிக் சேரலாம். டிக்கெட் வாங்கும்போது பஸ் எந்த வழி என்று கேளுங்கள். டுப்ராவ்னிக்கில் இருந்து மாண்டினீக்ரோவின் கோட்டோருக்கோ, போஸ்னியாவின் மோஸ்டாருக்கோ ஒருநாள் சுற்றுலா கூப்பிடுவார்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பக் குரோஷியாவுக்குள் வர முடியாது. விசா ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் 01 என்று இருக்கிறதா, MULT (பலமுறை) என்று இருக்கிறதா பாருங்கள். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் பலமுறை நுழைவே கேளுங்கள். பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருப்பதால் ஷெங்கன் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கும் நாள் கணக்கில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேரும். கணினி இப்போது தானே எண்ணிவிடுகிறது. விசாவில் தரும் நாட்களின் கடைசி நாளில் விமானம் வைக்காதீர்கள்; ரத்தானால் மறுநாள் நீங்கள் அனுமதி தாண்டித் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கட்டும். டுப்ராவ்னிக் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள், வெளியேறும் பதிவு அங்கேதான் நடக்கும். அப்பா அம்மாவின் பிரிட்டன் விசா அன்றைக்கும் செல்லுபடியாகுமா, மறுபடி நுழைய அனுமதிக்குமா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பார்த்து வையுங்கள்.