அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் நாவல்களைப் படிக்காமல் நேராகக் கட்டுரைகளுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். அவருடைய 'அட்லஸ் ஷ்ரக்ட்' நாவல் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும். அவர் சொல்ல வந்தது என்ன என்று தெரிந்துகொள்வதற்காக அதைச் சுமக்க வேண்டியதில்லை.

என் தேர்வு 'ஃபிலாஸஃபி: ஹூ நீட்ஸ் இட்' என்ற கட்டுரைத் தொகுப்பு. ராண்ட் இறந்த 1982ஆம் ஆண்டிலேயே, அவருடைய மாணவர் லெனார்ட் பீக்காஃபின் முன்னுரையோடு வந்தது. பெரும்பாலும் எழுபதுகளில் தன் சொந்தப் பத்திரிகைக்காக ராண்ட் எழுதியவை.

முதல் கட்டுரை, 1974 மார்ச் 6 அன்று அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி மாணவர்களிடம் பேசியது. விண்வெளி வீரர் ஒருவர் முன்பின் தெரியாத கிரகத்தில் விழுந்து கிடக்கிறார். நான் எங்கே இருக்கிறேன், அது எனக்கு எப்படித் தெரியும், இப்போது என்ன செய்வது? இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளவே அவருக்குப் பயம். ராண்ட் இதிலிருந்துதான் தத்துவத்துக்குள் கூட்டிப்போகிறார். தத்துவமே வேண்டாம் என்பவரும் ஏதோ ஒரு தத்துவத்தின்படிதான் நடக்கிறார், அது யாரோ சொன்னதைப் பொறுக்கிச் சேர்த்ததாக இருக்கும் என்பது அவர் வாதம். இதில் எனக்கு மறுப்பு கிடையாது. துப்பாக்கி ஏந்தப்போகிற பிள்ளைகளிடம் போய் இதைப் பேசியிருக்கிறார் பாருங்கள், அந்தத் துணிச்சலும் பிடித்தது.

கடமையைப் பற்றிய கட்டுரையும் நல்லது. 'செய்தே ஆக வேண்டும்' என்று காரணம் கேட்காமல் தலையில் ஏற்றப்படும் எதையும் அவர் ஏற்பதில்லை. உனக்கு ஒன்று வேண்டுமென்றால் அதற்கு ஆவதைச் செய், அவ்வளவுதான் என்கிறார். ஆனால் இதற்காக, கடமையைக் கடமைக்காகவே செய் என்ற ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட்டை அவர் போட்டுத் தாக்குவது அளவு மீறியது. உலகத்தில் எது கெட்டாலும் காண்ட்தான் காரணமா?

என் பெரிய குறை வேறு. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் தன் புத்தகத்தில் முன்வைத்த நீதிக் கோட்பாட்டை ஒரு நீண்ட கட்டுரையில் கிழித்துத் தொங்கவிடுகிறார். அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை, படிக்கும் எண்ணமும் இல்லை என்று அவரே எழுதுகிறார்! பத்திரிகையில் வந்த மதிப்புரையைத்தான் விமர்சிக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார், சரி. ஆனால் சொந்தமாக யோசி, அடுத்தவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்று முதல் கட்டுரையில் சொன்னவர், ஒரு தத்துவவாதியை இன்னொருவர் எழுதிய சுருக்கத்தை வைத்து எடைபோடலாமா? எதிராளி யாராக இருந்தாலும் முட்டாள் அல்லது அயோக்கியன் என்ற தொனி தொகுப்பு முழுக்க இருக்கிறது. நேர்மையாகத் தவறு செய்தவராக யாரையும் பார்ப்பது அபூர்வம்.

அதனால் அவர் தன் கருத்தைக் கட்டும் இடங்களை நிதானமாகப் படியுங்கள், சண்டைக்குப் போகும் இடங்களில் கொஞ்சம் உஷாராக இருங்கள். 1989இல் வந்த இன்னொரு தொகுப்பான 'தி வாய்ஸ் ஆஃப் ரீசன்' அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதில் பீக்காஃபும், ராண்டின் கருத்துகளைப் பின்பற்றிய பீட்டர் ஷ்வார்ட்ஸும் எழுதியவையும் கலந்திருக்கும். அப்பல்லோ 11 ஏவப்பட்டதை நேரில் பார்த்து ராண்ட் எழுதிய கட்டுரைக்காகவே அதை வாங்கலாம். நடுவில் நாவல் ஆசை வந்தால் 'ஆந்தம்' எடுங்கள். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிந்துவிடும்.