படிகாரத்தைப் பற்றிக் கேட்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டார் என்றும், நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் வராதபோதும் மீண்டும் எழுத விரும்பாமல் தடுப்பூசி ஆய்வைத்தான் படிப்பேன் என்று சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் துறையா, இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் பின்னால் வருகிறேன். மகளுக்கு இருப்பது மெய்யான ஆர்வமா, தோல்வியின் வலியை மறைக்கும் பேச்சா என்று நீங்களே எடைபோட வேண்டுமானால், இந்தத் துறை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் தூய்மையாகப் பிரித்து உடலில் செலுத்தினால், நமது நோயெதிர்ப்பு மண்டலம் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1920களில் பிரான்சில் குதிரைகளுக்கு டிப்தீரியா நச்சின் வீரியம் குறைத்த வடிவத்தை ஊசி போட்டுவந்த காஸ்டன் ரமோன், ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்த குதிரைகளே கிருமியையும் நச்சையும் முறியடிக்கும் எதிர்ப்பொருளை அதிகமாக உருவாக்குவதைக் கவனித்து, மரவள்ளி மாவு போன்ற பொருள்களை வேண்டுமென்றே கலந்து பார்த்தார். 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி அதே நச்சுப்பொருளைப் படிகாரத்தோடு சேர்த்துப் படியவைத்தபோது பலன் பல மடங்கு கூடியது. முகச்சவரத்துக்குப் பின் தடவுகிற அந்தப் படிகாரம்தான். இப்படிச் சேர்க்கப்படும் துணைப்பொருளுக்கு அட்ஜுவன்ட் என்று பெயர். படிகாரம் போன்ற அலுமினிய உப்புகள் இன்றளவும் குழந்தைகளுக்கான பல தடுப்பூசிகளில் இருக்கின்றன. ஆனால் அவை எப்படி வேலை செய்கின்றன என்ற கேள்வி ஒரு நூற்றாண்டு கடந்தும் முழுமையாகத் தீரவில்லை. 1989இல் சார்ல்ஸ் ஜேன்வே என்ற அமெரிக்க அறிஞர், இதைத் தம் துறையினரின் அழுக்கான சிறு ரகசியம் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் காட்டிய வழியில் பிறகு தெரியவந்தது இதுதான். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் கண்டறிந்த, கிளைகள் நீண்ட டென்ட்ரைட்டிக் செல்கள், தோலிலும் தசையிலும் அகப்பட்ட அயற்பொருளை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குச் சென்று, நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளை அணுக்களான டி செல்களிடம் காட்டுகின்றன. வெறும் பொருளைக் காட்டினால் போதாது. ஆபத்து என்ற குறிப்பும் சேர்ந்து வந்தால்தான் டி செல் விழித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைத் தருவதே அட்ஜுவன்ட்டின் வேலை; எந்தக் குறிப்பு தரப்படுகிறது என்பதைப் பொறுத்து டி செல் எந்த வகையாக மாறும் என்பதும், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்களைத் தூண்டி அதை மிகுதியாக்குமா அல்லது செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைத் தாக்க வழிவகுக்குமா என்பதும் பெருமளவு முடிவாகின்றன. அலுமினிய உப்பு முதல் வகைக்கே அதிகம் சாய்கிறது. அதனால்தான் கோவாக்சினில் இறந்த வைரஸோடு அலுமினிய உப்பை மட்டும் சேர்க்காமல், வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணரும் டி.எல்.ஆர். 7, 8 என்னும் ஏற்பிகளைத் தட்டியெழுப்பும் ஒரு சிறு மூலக்கூறையும் அந்த உப்பின்மேல் ஒட்டவைத்தார்கள்.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு அக்கி. நம் ஊர்ப்பக்கம் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்களே, அதே நோய்தான். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட, அதற்கான முந்தைய தடுப்பூசி, வயது ஏற ஏறப் பலன் குறைந்து, 70 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காடு பாதுகாப்பையே தந்தது. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய தடுப்பூசி, வைரஸின் ஒரே ஒரு புரதத்தை ஏ.எஸ்.01 என்ற அட்ஜுவன்ட்டோடு கலந்து, அதே வயதினரிடம் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டியது. அந்த அட்ஜுவன்ட்டில் உள்ள ஒரு பொருள் சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து வரும் சபோனின். பூந்திக்கொட்டையில் நுரை வருவதற்குக் காரணமான அதே வேதிக் குடும்பம். இதே ஏ.எஸ்.01ஐக் கொண்ட காசநோய்த் தடுப்பூசி ஒன்று, இடைக்கட்டச் சோதனையில் ஏறத்தாழ 50 விழுக்காடு பலன் காட்டிவிட்டு, 2024 முதல் ஆப்பிரிக்காவிலும் இந்தோனேசியாவிலும் இறுதிக்கட்டச் சோதனையில் இருக்கிறது. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெருஞ்சோதனையில், பி.சி.ஜி. என்னும் பழைய காசநோய்த் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று அறிந்த மண் நம்முடையது என்பதால், இந்தச் செய்தி நமக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தியன்று.

இதையெல்லாம் சொன்னதற்குக் காரணம் உண்டு. மரப்பட்டையிலிருந்து சபோனினைப் பிரிப்பவர் வேதியியலாளர்; எந்த டி செல் எத்தனை இருக்கிறது என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியில் எண்ணுபவர் உயிரியலாளர்; அந்த எண்களில் எது தற்செயல் என்று பிரித்துச் சொல்பவர் புள்ளியியலாளர். ஆகவே உயிரியல் மட்டும் பிடிக்கும், கணக்கு வேண்டாம் என்ற மனநிலையோடு உங்கள் மகள் வந்தால் நான் தயங்குவேன். பி.எஸ்சி.யில் உயிர்வேதியியல், வேதியியல், நுண்ணுயிரியல் இவற்றில் எதை எடுத்தாலும் கதவு திறந்தே இருக்கும்; பெயரில் கவர்ச்சி இருக்கிறது என்பதற்காக, ஆய்வகமே ஒழுங்காக இல்லாத கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பப் பொறியியலுக்கு இலட்சங்களைக் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிறகு எம்.எஸ்சி.க்கு காட்-பி (GAT-B), ஐ.ஐ.டி. ஜாம் ஆகிய தேர்வுகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவுடனே ஐசர் என்னும் மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு.

பிழைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஆய்வாளராக வேண்டுமானால் முனைவர் பட்டம் வரை போக வேண்டும். பட்டப்படிப்பிலிருந்து கணக்கிட்டால் பத்து ஆண்டுகள் ஆகலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். அதில் குடும்பத்தைத் தாங்க முடியாது, ஆனால் உங்களிடம் கை நீட்டாமல் அவர் படிக்க முடியும். ஆய்வு வேண்டாம் என்றால் எம்.எஸ்சி.யோடு உற்பத்தி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு, ஆவணம், ஒழுங்குமுறைப் பிரிவுகளில் சேரலாம். புனேவிலும் ஐதராபாத்திலும் அத்தகைய பெரிய ஆலைகள் இருக்கின்றன. இந்த வேலையை யாரும் தாழ்வாக எண்ண வேண்டாம். 2008இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் உட்பட மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் நிறுத்தப்பட்டதற்குக் காரணமே நல்லுற்பத்தி நெறிகள் நிறைவு செய்யப்படவில்லை என்பதுதான். அறிவியல் அறிவு குறைந்ததால் நேர்ந்ததன்று.

இந்த வாரம் ஒரு மாலையில், படிகாரம் ஏன் வேலை செய்கிறது என்பதை உங்களுக்குப் புரியும்படி விளக்கச் சொல்லி மகளைக் கேளுங்கள். விளக்கம் பிழையாக இருந்தால் பரவாயில்லை. இவ்விடத்தில் எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டு, மறுநாள் தானாகவே திரும்பி வந்து பேசுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அதன்பின் விண்ணப்பிக்கப்போகும் கல்லூரிகளின் பட்டியலோடு இருவரும் என்னை வந்து பாருங்கள்; ஒவ்வொரு கல்லூரியிலும் இறுதியாண்டு மாணவர்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகத்தில் நிற்கிறார்கள் என்று நேரில் விசாரித்துக்கொண்டு வந்தால் நம் பேச்சு எளிதாகும்.