டூம் முகமூடியைக் கழற்றக் கூடாது

வணக்கம் அக்கா,

2026 டிசம்பர் 18 அன்று மார்வல் சூப்பர் ஹீரோக்கள் ஒன்றுசேரும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படம் வருகிறது. 2012-இல் முதல் அவெஞ்சர்ஸ் படத்தை அண்ணனோடு பார்த்ததிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. 'எண்ட்கேம்' வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம். அதில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் சாகும்போது இரண்டு பேருமே அழுதோம். இப்போது அண்ணனோடு பேச்சு இல்லை. வீட்டுப் பாகப்பிரிவினைதான் காரணம், அது வேறு கதை. இந்தப் படத்தில் யார் யாரெல்லாம் வந்தே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியல் இணைத்திருக்கிறேன். அதில் பாதிப் பேர் வராவிட்டாலும் படம் என்னைப் பொறுத்தவரை தோல்விதான். கடைசியில் வில்லன் டாக்டர் டூம் முகமூடியைக் கழற்ற, உள்ளே டோனியின் முகம் தெரிய, தியேட்டரே அதிர வேண்டும். உங்கள் எதிர்பார்ப்பு என்ன? படத்துக்கு முன்னால் எதையெல்லாம் பார்த்துவிட்டுப் போக வேண்டும்? முப்பத்திரண்டு வயதில் இதற்கு இப்படித் தவிக்கிறேன் என்று மனைவி சிரிக்கிறாள். இது சரிதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். பட்டியலுக்காக இல்லை, முகமூடி பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிக்காக. 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் விழா மேடையில், டோனியாக நடித்த அதே ராபர்ட் டௌனி ஜூனியர்தான் டாக்டர் டூம் என்று அறிவித்தார்களே, அன்றிலிருந்து மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது. அதற்கு வருகிறேன்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தவிக்கலாம். இத்தனை வருடம் கூடவே வந்தவர்களுக்கு அடுத்து என்ன ஆகுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவி சிரித்தால் சிரிக்கட்டும், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். டிசி பெரிதா மார்வல் பெரிதா என்று பட்டியலின் அடியில் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

ஆனால் அந்தப் பட்டியல்! படித்து முடிப்பதற்குள் கோபம்தான் வந்தது. நாற்பத்தொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "வந்தே ஆக வேண்டும்". வந்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு பெயருக்காவது எழுதியிருக்கிறீர்களா? மூன்று மணி நேரப் படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட வராது. வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி ஆகிவிடும், பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். இதற்காகவா இவ்வளவு வருடம் காத்திருந்தீர்கள்?

தயாரிப்பவர்களும் இந்தப் பழக்கத்துக்குத் தீனி போடுகிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2025 மார்ச் 26 அன்று ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நேரலையில் நாற்காலிகளைக் காட்டினார்கள். நாற்காலியின் முதுகில் நடிகர் பெயர், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த நாற்காலி, அப்படி 27 பெயர்கள். உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேட்ரிக் ஸ்டீவர்ட், இயன் மெக்கெல்லன் பெயர்கள் வந்தபோது எனக்கும் சந்தோஷம்தான். 2000-இல் வந்த முதல் எக்ஸ்-மென் படத்தின் முடிவில் பிளாஸ்டிக் சிறைக்குள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவரை ஒருவர் கொல்லக்கூடத் தயங்காத இரண்டு நண்பர்கள். அந்த இரண்டு கிழவர்களையும் இன்னொரு ஆட்டம் ஆடவிட்டால் எனக்கு அது போதும். அவர்கள் வெறுமனே ஓடிவந்து கையை நீட்டி ஒரு வெடி வெடித்துவிட்டுப் போனால் எனக்கு வேண்டாம். எதிர்பார்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் தம்பி: யார் வர வேண்டும் என்பதோடு நிற்காமல், வந்து யாரோடு என்ன பேச வேண்டும் என்று இருக்க வேண்டும்.

"வேண்டுமா, வேண்டாமா" என்று மட்டும் கேட்டால் ரசிகர்கள் என்ன செய்வார்கள் என்பதை டிசி காமிக்ஸ் 1988-இலேயே பார்த்துவிட்டது. பேட்மேனின் துணையாக வரும் இரண்டாவது ராபினான ஜேசன் டாட், வில்லன் ஜோக்கரிடம் அடி வாங்கி, அவன் வைத்த குண்டிலும் சிக்குகிறான். அவன் பிழைக்க வேண்டுமா, சாக வேண்டுமா என்று வாசகர்களிடமே விட்டுவிட்டார்கள். பிழைக்க ஒரு தொலைபேசி எண், சாக ஒரு எண். பிழைக்கட்டும் என்றவை 5,271 ஓட்டு, சாகட்டும் என்றவை 5,343. வெறும் 72 ஓட்டில் ஒரு பையன் போனான். காசு கொடுத்துப் போன் செய்து கொன்றார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, கேள்வி அப்படி. எழுதுகிறவர் தானே உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ய வேண்டியதை ரசிகனின் தலையில் கட்டினால் இப்படித்தான் நடக்கும். நீங்களோ யாரும் கேட்காமலேயே நாற்பத்தொரு ஓட்டுப் போட்டுவிட்டு, அது நிறைவேறாவிட்டால் படம் தோல்வி என்று இப்போதே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள்.

சரி, முகமூடி.

டூமை 1962-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் ஐந்தாவது இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்தார்கள். இரும்பு முகமூடி, பச்சை அங்கி. அந்த இரும்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில் அவனைப் படைத்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. முகம் முழுக்கச் சிதைந்துபோனது என்பது ஒரு கதை. கிர்பியின் எண்ணம் வேறு: கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான், அந்தச் சின்னக் குறையைக்கூடத் தாங்க முடியாத கர்வம்தான் அவனை இரும்புக்குள் போய் ஒளிந்துகொள்ள வைத்தது. நான் கிர்பி பக்கம்தான். இரண்டில் எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம், மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று அவன் முடிவு செய்துவிட்டான், அந்த முடிவுதான் டூம்.

இப்போது டௌனியை நினைத்துப் பாருங்கள். அயர்ன் மேனும் இரும்புக்குள் இருப்பவர்தான். ஆனால் 2008-இல் முதல் படம் எடுத்தபோது கேமராவையே தலைக்கவசத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நீல வெளிச்சம், சுற்றிலும் மிதக்கிற எண்களும் படங்களும், நடுவில் அந்த முகம். பறக்கும்போதும் அடி வாங்கும்போதும் அவர் கண் சுருங்குவதையும் உதட்டோரம் கோணுவதையும் நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பதினொரு வருடம் நாம் உருகியது அந்தக் கவசத்துக்கா? உள்ளே இருந்த முகத்துக்குத்தானே. டூமிடம் இது நேர் தலைகீழ். அதே நடிகர், மறுபடியும் இரும்பு, இந்த முறை கேமரா உள்ளே போகக் கூடாது. உள்ளே யார் என்று நமக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்க்கப் படம் முழுக்க ஏங்குவோம், அது கிடைக்கவே கூடாது. இதைவிடப் பெரிய தண்டனையை ஒரு வில்லன் ரசிகனுக்குக் கொடுக்க முடியுமா? இந்த நடிகரைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றுதான் நியாயமாக இருக்க முடியும். அதைத்தான் நீங்கள் கடைசிக் காட்சியில் கழற்றி எறியச் சொல்கிறீர்கள்.

காமிக்-கான் மேடையில் அவர் செய்த முதல் காரியம் முகமூடியைக் கழற்றியதுதான். அது விழா மேடை, போகட்டும். ஆனால் 2025-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' முடிந்து பெயர்கள் ஓடும்போது நடுவில் ஒரு காட்சி வரும், பார்த்திருப்பீர்கள். அந்த நால்வரில் ஒருத்தியான சூ ஸ்டார்ம் தன் குழந்தையை விட்டுவிட்டுப் புத்தகம் எடுக்கப் போகிறாள். திரும்பி வந்தால் பச்சை அங்கி போட்ட ஒருவன் குழந்தை முன்னால் மண்டியிட்டிருக்கிறான். நமக்குத் தெரிவது முதுகுதான். கையில் அந்த முகமூடி. குழந்தை கையை நீட்டி அவன் முகத்தைத் தொடுகிறது. நம் யாருக்கும் காட்டாத முகத்தை அவன் ஒரு குழந்தைக்கு மட்டும் காட்டுகிறான்! இதை எடுத்தவர்களுக்கு டூம் யாரென்று தெரிந்திருக்கிறது. இதே பிடிவாதத்தைப் படத்தின் கடைசி நிமிடம் வரை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என்னுடைய ஒரே எதிர்பார்ப்பு.

முகத்தை மூடிவிட்டால் நடிப்பு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1995-இல் காமிக்ஸ் நாயகன் ஜட்ஜ் ட்ரெட்டாக வந்த சில்வெஸ்டர் ஸ்டலோன் தலைக்கவசத்தைக் கழற்றினார். 2012-இல் அதே பாத்திரத்தில் நடித்த கார்ல் அர்பன் படம் முழுக்கக் கழற்றவே இல்லை, தெரிந்தது தாடை மட்டும்தான். ரசிகர்கள் இன்றைக்கும் யாரைக் கொண்டாடுகிறார்கள்? 'டூம்ஸ்டே' படத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ரீட் ரிச்சர்ட்ஸாக வரும் பெட்ரோ பாஸ்கல், 'மேண்டலோரியன்' தொடரில் அபூர்வமாகத்தான் தலைக்கவசத்தை எடுத்தார். அவர் தலையைச் சாய்க்கிற விதத்திலேயே தன்னோடு இருக்கும் குழந்தை மேல் எவ்வளவு பிரியம் என்று நமக்குப் புரிந்ததே.

தமிழில் பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். 'எண்ட்கேம்' தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், அயர்ன் மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. பழகின குரல் எங்கே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தச் சமயம் அக்கா மகனை அழைத்துக்கொண்டு தமிழ் காட்சிக்குப் போயிருந்தேன். அயர்ன் மேன் படங்களை எல்லாம் டிவியில் தமிழிலேயே பார்த்து மனப்பாடமாக வைத்திருந்த பையன். டோனி விண்கலத்தில் தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினதும் பாப்கார்னுக்குள் விட்ட கையை எடுக்காமலேயே என் பக்கம் திரும்பினான். "சித்தி, இது வேற ஆளா?" என்றான். திரையில் அதே முகம்தான், கண்ணெதிரே முழுசாகத் தெரிகிறது, அவனுக்கு ஆள் மாறிவிட்டது. விஜய் சேதுபதி அருமையான நடிகர், இதில் அவர் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பையனின் கேள்வியைக் கொஞ்சம் யோசியுங்கள். அவன் கேட்டது பெரிய பெயர் இல்லை, தனக்குத் தெரிந்த மனிதரைத்தான் கேட்டான். அன்று கொதித்த ரசிகர்களும் அதையேதான் கேட்டார்கள், அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். டூமுக்குத் தமிழில் யார் குரல் கொடுக்கப்போகிறாரோ, முகமே தெரியாத அந்த ஆளை நமக்காக அவர்தான் கட்டி எழுப்பப்போகிறார். உங்கள் நாற்பத்தொரு பெயரில் அந்தக் குரல் இருக்கிறதா?

டோனியின் முகம் தெரிய வேண்டும் என்கிற ஆசைக்கு வருகிறேன். டூமுக்குச் சொந்தமாக ஒரு கதை இல்லையா? 1964-இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாவது ஆண்டு மலரில் இருக்கிறது. லாட்வேரியா என்கிற கற்பனை நாட்டில், ரோமா என்கிற நாடோடி மக்களின் கூடாரத்தில் பிறந்த பையன். அப்பா வைத்தியர். நாட்டை ஆள்பவனின் மனைவியைக் காப்பாற்ற முடியாமல் போனதும், பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கடும் குளிரில் தன் துணியை அவனுக்குப் போர்த்திவிட்டு விறைத்துச் சாகிறார். அம்மாவின் ஆன்மா நரகத்தில் என்பது பிறகு சேர்ந்த கதை. 1989-இல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த ஒரு கதையில், அவளை மீட்க மந்திரவாதி டாக்டர் ஸ்ட்ரேஞ்சைக் கூட்டிக்கொண்டு அவன் நரகத்துக்கே போகிறான். மீட்டும் விடுகிறான், ஆனால் பெற்ற தாயே தன்னை வெறுத்து ஒதுக்கும்படி செய்துதான் மீட்க முடிகிறது. பெரிய பாத்திரங்கள் சந்திப்பது என்றால் எனக்கு அந்தக் கதைதான். இரண்டே பேர், ஒரு பயணம். அதற்கு ஈடாக இருபத்தேழு நாற்காலியைக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். இப்படிப்பட்ட ஒருவனின் முகமூடிக்குள் "அட, நம்ம டோனி" என்று கண்டுபிடித்து விசில் அடிக்க வேண்டுமா? அந்த அப்பாவும் அம்மாவும் என்ன ஆனார்கள்? அதுமட்டுமா, டோனி செத்தபோது நீங்களும் அண்ணனும் அழுதீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அழுகைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? போனவர் போனவராகவே இருக்கட்டும்.

அண்ணனைப் பற்றி நான் அறிவுரை சொல்லப்போவதில்லை, பாகப்பிரிவினை எவ்வளவு கசப்பான விஷயம் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் பட்டியலுக்கு முன்னால் அவரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பேச முடியாவிட்டாலும் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று ஒரு மெசேஜ் அனுப்பலாமே. வருவதும் வராததும் அவர் இஷ்டம்.

எதையெல்லாம் பார்த்துவிட்டுப் போவது என்று கேட்டதை மறந்தே போனேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கத் தேவையில்லை, அப்படிப் பார்த்தால் டிசம்பருக்குள் சலித்துவிடும். 'தண்டர்போல்ட்ஸ்', 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' இரண்டையும் பாருங்கள். அப்புறம் நேரம் இருந்தால் அந்த 1989 கதையைத் தேடிப் படியுங்கள். மனைவியிடமும் கொடுங்கள், படித்த பிறகு அவர் சிரிக்கமாட்டார்.

அன்புடன்,
அக்கா