14 பேர் வர்றாங்க, 2 பேர்தான் பேசறோம்

வணக்கம் அக்கா. நான் பள்ளிக்கரணையில இருக்கேன், ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில வேலை. ஆறு மாசமா சபையில என்னை செல் குரூப் (வீட்ல கூடற சின்ன ஜெபக் குழு) லீடரா போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை 7.30க்கு எங்க வீட்ல கூடறோம், 14 பேர் வர்றாங்க. நல்லா பாடறாங்க, ஜெபம் பண்றாங்க, ஆனா வசனம் வாசிச்சிட்டு "இதுல இருந்து என்ன கத்துக்கறோம்"னு கேட்டா எல்லாரும் பைபிளையே குனிஞ்சு பாத்துட்டு இருக்காங்க. ஒரு பெரியவர் மட்டும் ஆரம்பிச்சா அரைமணி நேரம் பேசுவார். அவரேதான், சபைன்னா போதகர் சொல்லணும் நாம கேக்கணும், இந்த டிஸ்கஷன் எல்லாம் ஆபீஸ்ல இருந்து வந்த புதுப் பழக்கம்னும் சொல்றார். யூடியூப்ல பிரசங்கம் கேட்டு நோட்ஸ் எடுத்துட்டுதான் வர்றேன். ஆனா அந்த அமைதி தாங்க முடியாம கடைசில நானே பேசி முடிச்சிடறேன். என்ன பண்ணலாம்க்கா? (பேர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

நீங்க எழுதின கடைசி விஷயத்துலயே எனக்கு பதில் இருக்கு. அமைதி தாங்காம நீங்க பேசிடுவீங்கன்னு அந்த 14 பேருக்கும் தெரிஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் குனிஞ்சு இருந்தா போதும், பதில் தானா வந்துரும். நானும் பெரம்பூர்ல எங்க பெண்கள் கூட்டத்தை ரொம்ப வருஷம் இப்படித்தான் நடத்தினேன், நாலு பக்கம் நோட்ஸ் எழுதிட்டுப் போய் வாசிச்சிட்டு வருவேன், எல்லாரும் நல்லா இருந்துச்சு சிஸ்டர்னு சொல்லிட்டுப் போவாங்க.

ஒரு மே மாசம் சாயந்தரம் கரண்ட் போச்சு. அன்னைக்கு யோவான் 5, பெதஸ்தா குளத்துக்கிட்ட 38 வருஷமா வியாதியா கிடந்தவன் கதை. நோட்ஸை வாசிக்க வெளிச்சம் இல்ல, அதனால மனசுல தோணின ஒண்ணைக் கேட்டேன், இயேசு அவன்கிட்ட "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா"ன்னு, அதாவது குணமாகணுமான்னு கேக்கறாரே, அவன் என்ன பதில் சொன்னான்? யாரும் பேசல. இருட்டுல யாரு முகமும் தெரியாததால எனக்கும் அவசரம் வரல. ரொம்ப நேரம் கழிச்சு, ரெண்டு வருஷமா வந்து ஒரு வார்த்தை பேசாத ஒரு அம்மா மெதுவா சொன்னாங்க, "அவன் ஆமான்னு சொல்லவே இல்லையே சிஸ்டர், என்னைத் தூக்கி விட ஆள் இல்லன்னுதானே சொல்றான்." எத்தனை தடவை வாசிச்சிருப்பேன், அது எனக்குத் தெரியவே இல்ல. அதுக்கப்பறம் அந்த அம்மா தன் வீட்டைப் பத்தி பேசினாங்க, அது எங்களுக்குள்ளயே இருக்கட்டும். கரண்ட் வந்தப்பறமும் யாரும் எழுந்திருக்கல.

அதனால உங்க கேள்வியை மாத்துங்க தம்பி. "என்ன கத்துக்கறோம்"னு கேட்டா ஞாயிறு பள்ளியிலயே மனப்பாடம் பண்ணின பதில்தான் வரும், ஜெபிக்கணும், விசுவாசமா இருக்கணும்னு. அது தப்பில்ல, ஆனா அதைச் சொல்ல யாரும் வாயைத் திறக்க வேண்டியதே இல்ல. வசனத்துக்குள்ள இருக்கறதைக் கேளுங்க, யாரு நின்னாங்க, யாரு பேசல, எதுக்கு இந்த வார்த்தை. அப்பறம்தான் நம்ம வாழ்க்கை. ஒரு கூட்டத்துக்கு மூணு கேள்வி தாராளம். பிரசங்கம் கேக்கறதுக்கு முன்னாடி அந்தப் பகுதியை நீங்களே நாலு தடவை வாசிங்க, உங்களுக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி அதுல கண்டிப்பா கிடைக்கும், அதைக் கொண்டு போங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு இருங்க. பத்து செகண்ட் பத்து நிமிஷம் மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

இன்னொண்ணு, இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச பசங்களுக்கு சொஸ்தம், பிரமாணம் (சட்டம்) மாதிரி பைபிள் வார்த்தை எல்லாம் புரியறதில்ல, கேக்க வெக்கம். வாசிச்சதும் யாராவது ஒருத்தரை வீட்ல பேசற தமிழ்ல கதையைச் சொல்லச் சொல்லுங்க. 14 பேர் ஒரே வட்டத்துல வேண்டாம், அஞ்சு நிமிஷம் மூணு நாலு பேரா பிரிச்சு விடுங்க, கிச்சன்ல நாலு பேர் பேசட்டும். புருஷன் பக்கத்துல உக்காந்திருக்கறதாலயே பேசாத பெண்கள் நம்ம சபைகள்ல நிறைய.

பெரியவர் விஷயம். அவரைக் கூட்டத்துல மறிச்சுப் பேசாதீங்க, வீட்டுக்குப் போய்ப் பாருங்க. இது ஆபீஸ்ல இருந்து வரலன்னு மரியாதையா சொல்லுங்க. 1670லயே ஜெர்மனில பிராங்க்பர்ட்ல ஸ்பேனர்னு ஒரு போதகர் தன் வீட்ல ஆளுங்களைக் கூட்டி பிரசங்கத்தையும் வேதத்தையும் பேச வெச்சார். அப்படிக் கிளம்பின எழுப்புதலுக்கு, அதாவது பக்தி இயக்கத்துக்கு, மையமா இருந்த ஹாலே நகரத்துல படிச்சவர்தான் மிஷனரி சீகன்பால்க், 1706ல தரங்கம்பாடிக்கு வந்து 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சவர். நம்ம வேப்பேரியில இருந்து வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரீசியஸும் ஹாலேல படிச்சவர்தான். ஐயா கையில இருக்கற பைபிளே வீட்ல உக்காந்து பேசினவங்க வழியா வந்ததுதான். இதைக் கேட்டா அவருக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆரம்பத்துல மூணு நிமிஷம் சாட்சி, அதாவது கர்த்தர் தன் வாழ்க்கைல செஞ்சதை, சொல்ல அவரைக் கூப்பிடுங்க, தன் பங்கு முடிஞ்சுதுன்னு இருந்தா அரைமணி நேரம் தேவைப்படாது.

இதை எழுதறதா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதறேன். எங்க கூட்டத்துக்கு வந்துட்டிருந்த ஒரு பொண்ணுக்கு ஏழாம் மாசத்துல குழந்தை தவறிப் போச்சு. திரும்பி வந்த அன்னைக்கு அழுதுட்டே "ஏன்னு தெரியல"ன்னு சொன்னா. ஒருத்தங்க உடனே "கர்த்தருடைய சித்தம்மா"ன்னாங்க, நான் தலையாட்டிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிட்டேன். அதோட அவ வரல. மூணு வாரம் கழிச்சு வீட்டுக்குப் போனேன், "ஒரு நிமிஷம் கூட யாரும் சும்மா இருக்கலையேக்கா"ன்னா. பைபிள்ல, பிள்ளைங்களையும் சொத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலா தரையில அவனோட பேசாம உக்காந்திருந்தாங்க, அவங்க செஞ்சதுல நல்லது அது ஒண்ணுதான், வாயைத் திறந்தப்பறம்தான் எல்லாம் கெட்டுச்சு. அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்ப எங்க கூட்டத்துல யாராவது அழுதா ஒருத்தரும் வசனம் சொல்றதில்ல, பக்கத்துல போய் உக்காருவோம். பிரேயர் ரிக்வஸ்ட்டை சொன்னவங்களைக் கேக்காம வாட்ஸ்அப்ல போடறதும் இல்ல.

இந்த வெள்ளிக்கிழமை லூக்கா 24 எடுங்களேன், இயேசு உயிர்த்தெழுந்த அன்னைக்கு எம்மாவு கிராமத்துக்குப் போற ரெண்டு பேர், கூட நடந்து வர்றது அவர்தான்னு அவங்களுக்குத் தெரியல. நடந்தது எல்லாம் இயேசுவுக்குத் தெரியும், இருந்தாலும் என்ன பேசிட்டுப் போறீங்கன்னு கேக்கறார், அவங்க முழுக்கச் சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு அப்பறம்தான் வேதத்தை விளக்கறார். எதுக்கு அப்படிக் கேட்டார்னு உங்க குரூப்ல கேட்டுப் பாருங்க. அப்பறம் டீயை கடைசில வைக்காதீங்க தம்பி, வந்ததும் குடுத்துருங்க. வேளச்சேரி டிராபிக்ல மாட்டி வந்தவங்க டம்ளரைக் கையில வெச்சுட்டு பேச ஆரம்பிப்பாங்க, அந்தப் பேச்சு நிக்கறதுக்குள்ள பைபிளைத் திறந்துருங்க.