எலுமிச்சைக்கு 'வேம்' வாங்கலாமா?

கேள்வி: திருவையாற்றுக்குப் பக்கத்தில், நெல் விளைந்த வயலை மேடாக்கி 40 எலுமிச்சை வைத்து மூன்று வருடமாகிறது. வருடம் தவறாமல் டி.ஏ.பி. என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரம் போடுகிறோம். உரக்கடையில் 'வேம்' என்ற வேர் உட்பூசணத்தை (வேருக்குள் வாழும் பூஞ்சாணம்) கொடுத்து, "டி.ஏ.பி.யோடு சேர்த்தே போடுங்கள், காய்ப்பு கூடும்" என்றார்கள். போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இப்போது இரண்டு மடங்கு போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மாதிரி கொடுக்கலாம்.

வேம் நல்ல பொருள்தான். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு வகைகளுக்கு வேர்த்தூவி (வேரில் உள்ள மயிர் போன்ற மெல்லிய இழை) குட்டை, எண்ணிக்கையும் குறைவு. மணிச்சத்தோ மண்ணில் இருந்த இடத்தை விட்டு எளிதில் நகராது. வேர் எட்டாத இடத்துக்கு இந்தப் பூஞ்சாணத்தின் இழை நீண்டு போய் மணிச்சத்து, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றை எடுத்துவந்து கொடுக்கிறது. அமெரிக்க நாற்றங்கால்களில் மண்ணுக்கு நச்சுப்புகை போட்ட பிறகு ஆரஞ்சு இனக் கன்றுகள் குன்றிப்போனதற்கு இந்தப் பூஞ்சாணம் அழிந்ததே காரணம் என்று 1972-இல் காட்டினார்கள்.

ஆனால் அது கூலியில்லாமல் உழைப்பதில்லை. இலை சமைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் பங்கு கேட்கும். மரம் தயாரிக்கும் உணவில் 4 முதல் 20 சதவீதம் வரை இதற்கே போகலாம். மண்ணில் மணிச்சத்து குறைவாக இருந்தால் கொடுத்த கூலிக்கு மேல் மரத்துக்கு வரவு உண்டு. ஒட்டுக்கட்டுவதற்கு வேர்ச்செடியாகும் மூவிலை ஆரஞ்சில் சீனாவில் செய்த சோதனைகளில், இலையிலும் வேரிலும் சர்க்கரை கூடியது. கன்றுகள் வறட்சியையும் நன்றாகத் தாங்கின. மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்த மண்ணில் கதை வேறு. 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மணிச்சத்து தாராளமாகக் கிடைத்த எலுமிச்சை இனக் கன்றுகளில் பூஞ்சாணம் ஏறியவையே மெதுவாக வளர்ந்தன. கூலி மட்டும் போனது, வரவு இல்லை.

டி.ஏ.பி.யையும் வேமையும் ஒரே கையில் விற்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. மண்ணில் மணிச்சத்து 'அதிகம்' என்று வந்தால் டி.ஏ.பி.யை நிறுத்துங்கள், வேமும் வேண்டாம். 'குறைவு' என்று வந்தால் வேமுக்குச் செலவழிக்கலாம். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் போதும். மேலே தூவினால் பயனில்லை, உறிஞ்சு வேர் இருக்கும் இடத்தில் கிளறி வையுங்கள். கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி ஊற்றிய மண்ணில் இது பிழைப்பது கடினம். காவிரித் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கினாலும் காற்றில்லாமல் ஒடுங்கும். புதுக்கன்று வளர்ப்பவர்கள் பைக்கு 5 முதல் 10 கிராம் இட்டால் குறைந்த செலவில் நிறைந்த பலன் பெறலாம்.

பொட்டலம் வாங்கும்போது பயிர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தொகுதி எண் நான்கும் அச்சாகியிருக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிராமில் குறைந்தது 100 உயிருள்ள பெருக்க அலகுகள் (புதிதாக வளரக்கூடிய பூஞ்சாண வித்துகள், துண்டுகள்) வேண்டும். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன்: மைக்கா போல மின்னும் வெர்மிகுலைட் துகள், நடுவே அறுந்த சோளவேர்த் துண்டுகள். இந்தப் பூஞ்சாணம் உயிருள்ள வேரில்தான் பெருகும் என்பதால் வேர்த்துண்டு கிடப்பது கலப்படம் அல்ல.

கேள்வி: மன்னார்குடியில் காலாவதியான வேம் விற்றுவிட்டார்கள். விவசாயி நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா?

பதில்: முடியும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. ரசீதையும் காலிப் பொட்டலத்தையும் எறிந்துவிடாதீர்கள்.