துணியும் தீவனத் தொட்டியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கேள்வி சின்னதுதான், ஆனால் வீட்டில் பெரிதாகிக்கொண்டிருக்கிறது. என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். இயேசு பிறந்த செய்தியை முதலில் கேட்ட பெத்லகேம் மேய்ப்பர்கள் சாதாரண மேய்ப்பர்கள் இல்லையாம், எருசலேம் ஆலயப் பலிக்கென்றே ஆடு வளர்த்த லேவியர்களாம், அதாவது ஆலயப் பணிக்குரிய குலத்தாராம். பழுதில்லாத குட்டி பிறந்தால் அடிபடாமல் இருக்கத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துவார்களாம். அதனால் வானதூதர் துணி, தொட்டி என்றதுமே, பிறந்திருப்பது பலி ஆட்டுக்குட்டி என்று அவர்களுக்கு விளங்கிவிட்டதாம். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் எங்கள் புளோக்கில் நடக்கும் ஜெபக் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டும், இதையே சொல்லலாம் என்றிருந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், "அம்மா, இது எந்த அதிகாரத்தில் இருக்கிறது?" என்றான். தேடினேன், கிடைக்கவில்லை. இது உண்மையா? இல்லையென்றால் துணிக்கும் தொட்டிக்கும் அர்த்தமே கிடையாதா? இன்னொன்று, குடிலில் மூன்று ராஜாக்களை முதல் நாளே வைக்கக் கூடாது என்றும் மகன் சண்டை போடுகிறான்.

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எந்த அதிகாரத்திலும் இல்லை. இந்தப் பதிவு எனக்கும் டிசம்பர் தவறாமல் வந்துவிடுகிறது, சில சமயம் வயலின் இசையோடு.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் ஓடுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு. எருசலேமிலிருந்து மிக்தால் ஏதேர் வரைக்கும், அதே தொலைவுக்கு மற்ற எந்தத் திசையிலும், வழிதவறிய கால்நடை அகப்பட்டால் அதைப் பலிக்குரியதாகவே கொள்ள வேண்டும், கிடா என்றால் எரிபலி, பெண் என்றால் சமாதானப் பலி. மிக்தால் ஏதேர் பெத்லகேம் பக்கம்தான், ராகேலை அடக்கம் செய்துவிட்டு யாக்கோபு அதற்கு அப்பால் கூடாரம் போட்டதாகத் தொடக்கநூல் 35 சொல்கிறது. இந்த விதியை வைத்து, அந்த மேய்ப்பர்கள் காத்தது ஆலய மந்தையாகத்தான் இருக்கும் என்று ஆல்பிரட் எடர்ஷைம் என்ற அறிஞர் 1883-இல் எழுதினார். சரி, இருக்கலாம். ஆனால் அந்த விதி காணாமல்போன ஆட்டை என்ன செய்வது என்று மட்டுமே பேசுகிறது. மேய்ப்பன் லேவியனா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை. குட்டியைத் துணியில் சுற்றும் வழக்கமும் இல்லை.

ஆடு வளர்த்தவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். ஊரில் பாட்டி வீட்டில் ஆடு குட்டி போட்டதை நான் பார்த்திருக்கிறேன். குட்டி தரையில் விழுந்ததும் தாய் திரும்பி அதை நக்க ஆரம்பிக்கும், மூக்கிலிருந்து வால்வரை, சவ்வும் ஈரமும் போகப்போக நக்கிக்கொண்டே இருக்கும், அந்த வாசனையில்தான் இது தன் குட்டி என்று அது அடையாளம் கண்டுகொள்கிறது, குட்டியும் சீக்கிரமே முன்னங்கால் மடங்க மடங்க எழுந்து மடியைத் தேடிப் போய்விடும். செம்மறிக்கும் இதே கதைதான். இந்த நேரத்தில் குட்டியைத் தூக்கித் துணியில் சுற்றித் தொட்டியில் போட்டால் தாய் அதைச் சேர்க்காமலே போகலாம். சட்டமும் தாயிடமிருந்து பிரிக்கச் சொல்லவில்லை. ஏழு நாள் தாயோடு இருக்கட்டும், எட்டாம் நாள் முதல்தான் பலிக்கு ஏற்கப்படும் என்கிறது லேவியர் நூல் 22:27.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இந்தக் கதை போனால் துணியும் தொட்டியும் வெறுமையாகிவிடுமா? எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. மேய்ப்பர்களுக்கு மட்டும் தெரிந்த தொழில் ரகசியம் ஒன்று இருந்து, அது நமக்கு இப்போதுதான் கசிந்தது என்று நம்ப ஆரம்பித்தால், லூக்கா தம் நற்செய்தியில் எழுதி வைத்திருப்பதை நாம் படிக்காமல் விட்டுவிடுவோம்.

துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பிறந்த குழந்தையைக் கழுவி, உப்புத் தேய்த்து, துணியில் இறுக்கிச் சுற்றுவது எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். எசேக்கியேல் 16-இல் எருசலேமைப் பிறந்த அன்றே வயல்வெளியில் எறியப்பட்ட ஒரு பெண் குழந்தையாகக் கடவுள் பேசும் இடத்தில், உன்னை யாரும் கழுவவில்லை, உப்புத் தேய்க்கவில்லை, துணியில் சுற்றவில்லை என்றுதான் சொல்கிறார். யாருக்கும் வேண்டாத பிள்ளைக்குத் துணி கிடையாது. மரியா சுற்றுகிறாள். ஊர் விட்டு ஊர் வந்து, தங்க இடமில்லாமல், இருந்தும் சுற்றுகிறாள். சாலமோனின் ஞானம் 7-ஆம் அதிகாரத்தில் அரசனே பேசுகிறான். நானும் எல்லாரையும்போல அழுதுகொண்டுதான் பிறந்தேன், துணியில் சுற்றித்தான் வளர்த்தார்கள், எந்த அரசனுக்கும் தொடக்கம் வேறு மாதிரி இருந்ததில்லை என்கிறான். (உங்கள் நாத்தனார் வைத்திருக்கும் வேதாகமத்தில் இந்த நூல் இருக்காது, அதற்காக இன்னொரு சண்டை வேண்டாம்.) தாவீதின் மகன் சாலமோன் வாயில் வைக்கப்பட்ட பேச்சு இது. தாவீதின் ஊரில் பிறந்த இன்னொரு பிள்ளையைப் பற்றி லூக்கா எழுதும்போது இந்தத் துணி அவர் மனதில் இருந்திருக்காது என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்படியானால் துணியை மட்டும் வைத்துக் குழந்தையைக் கண்டுபிடிக்க முடியாது, அன்று பெத்லகேமில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது இருந்திருக்கும். தொட்டிதான் அடையாளம். லூக்கா அதை மூன்று தடவை சொல்கிறார், 2:7, 2:12, 2:16. இத்தனை சிக்கனமாக எழுதுகிறவர் ஒரு சாமானை மூன்று தடவை சொன்னால் நாம் நின்று பார்க்க வேண்டும். மாடும் ஆடும் வாய் வைக்கும் இடம் அது. 5-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் இதைப் பிடித்துக்கொண்டார். மனிதன் மிருகம்போல ஆகிவிட்டான், தீனி தேடித் தொட்டிக்கு வருகிறவன் அங்கே தீவனத்துக்குப் பதில் அப்பத்தைக் காண்கிறான் என்பது அவர் விளக்கம். பூசைக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு வாசிப்பும் உண்டு. அந்த நாட்டில் தொட்டிகளைச் சுண்ணாம்புக் கல்லில் குடைந்தும் செய்தார்கள், அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. லூக்கா 23:53-இல் அரிமத்தியா ஊர் யோசேப்பு அதே உடலைத் துணியில் சுற்றி, பாறையில் குடைந்த கல்லறையில் வைக்கிறார். கீழைத் திருச்சபைகளின் பிறப்புப் படங்களில் தொட்டியைக் கல் சவப்பெட்டி மாதிரியே வரைந்திருப்பார்கள், பார்த்தால் கொஞ்சம் திடுக்கென்று இருக்கும்.

பலி ஆட்டுக்குட்டி கட்டாயம் வேண்டும் என்றால் அதே அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். 2:24. பிள்ளைப்பேறு முடிந்து தூய்மைச் சடங்குக்கு நாற்பதாம் நாள் கோவிலுக்கு வருகிறார்கள். சட்டம் கேட்பது என்ன? ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்று, கூட ஒரு புறா. ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவள் இரண்டு புறா கொண்டுவந்தால் போதும் என்று லேவியர் நூல் 12:8 சலுகை தருகிறது. லூக்கா மேற்கோள் காட்டுவது அந்தச் சலுகையை மட்டும்தான், ஆட்டுக்குட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. மரியாவிடமும் யோசேப்பிடமும் ஓர் ஆட்டுக்குட்டிக்குக் காசு இல்லை! அதுவும் ஆட்டு மந்தைகளின் ஊரிலிருந்து வருகிறார்கள். பின்னால் யோவான் நற்செய்தியில் "கடவுளின் ஆட்டுக்குட்டி" என்று சுட்டிக்காட்டப்படப் போகிறவரைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு புறாவோடு படியேறுகிறார்கள். ஜெபக் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தால் வாட்ஸ்அப் குட்டியை விட்டுவிட்டு இந்தப் புறாக்களைத்தான் எடுத்துக்கொள்வேன். கண் கலங்குகிறவர்கள் இதற்கும் கலங்குவார்கள்.

மேய்ப்பர்களை லேவியர் ஆக்குவதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அவர்கள் வயல்வெளியில் தங்கி இரவில் சாமம் காத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான் லூக்கா தரும் தகுதிச் சான்றிதழ். நைட் டூட்டி ஆட்கள். ஓஃபிர் ரோட்டில் 1888-இல் திறந்த நம் லூர்து அன்னை கோவிலில் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து எல்லாரும் வாசலில் கேக்கும் போட்டோவுமாக நிற்கும் நேரத்தில், இந்த ஊரில் எத்தனை தமிழ்ப் பையன்கள் ஏதோ ஒரு வாயிற்காவல் கூண்டிலோ கப்பல் பட்டறையிலோ ஷிப்டில் இருக்கிறார்கள். செய்தி முதலில் போனது அந்த மாதிரி ஆட்களிடம். அவர்களைக் குருக்குலத்து ஆட்களாகப் பதவி உயர்த்திவிட்டால் கதை நமக்குக் கொஞ்சம் கௌரவமாகலாம், லூக்காவுக்கு அது தேவைப்படவில்லை.

இவ்வளவு கறார் பேசுகிறவன் குடிலில் மாட்டையும் கழுதையையும் மட்டும் ஏன் விடுகிறான் என்று உங்கள் மகன் மடக்கலாம். நியாயம்தான், லூக்காவில் இரண்டுமே கிடையாது. எசாயா 1:3-இலிருந்து வந்தவை அவை. காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியை அறியும், என் மக்களோ அறியவில்லை என்பது அந்த வசனம். 4-ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பேழைச் சிற்பங்களிலேயே இந்த இரண்டும் குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். மாட்டை வைத்தவர்கள் வசனத்தை வசனத்தோடு சேர்த்துப் படித்தார்கள். துணி சுற்றிய குட்டியோ, இப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்தது என்று சாட்சி சொல்கிறது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

கடைசியாக ராஜாக்கள். மத்தேயு ராஜாக்கள் என்றும் சொல்லவில்லை, மூவர் என்றும் சொல்லவில்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று ஆனார்கள். திருப்பாடல் 72-இலும் எசாயா 60-இலும் அரசர்கள் வருவதால் கிரீடமும் வந்து சேர்ந்தது. எசாயா 60:6-இல் ஒட்டகங்களோடு பொன்னும் தூபமும் வருகின்றன, வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் மட்டும் இல்லை, அது மத்தேயுவில்தான் கூடுகிறது. 2-ஆம் நூற்றாண்டிலேயே ஆயர் இரனேயு அதைச் சாவின் அடையாளமாக வாசித்துவிட்டார். மாற்கு 15:23-இல் சிலுவையில் அறையும் முன் கொடுத்த திராட்சை இரசத்திலும், யோவான் 19:39-இல் நிக்கதேம் அடக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் போளம் இருப்பதால் அந்த வாசிப்புக்கு வலு இருக்கிறது. ஆனால் திருப்பாடல் 45-இல் அதே போளம் அரசனின் கல்யாண உடையில் மணக்கிறது, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

குடில் சண்டையில் மகன் பக்கம்தான் நான். மத்தேயு 2:11-இல் அவர்கள் வருவது ஒரு வீட்டுக்கு. ஏரோது அரசன் கொல்லச் சொன்னதும் இரண்டு வயது வரையிலான ஆண் குழந்தைகளை, ஆகவே பிறந்த ராத்திரியே வந்து நின்றிருக்க மாட்டார்கள். முதல் நாளில் அவர்களை டிவி அலமாரியின் அந்த முனையில் ஒட்டகத்தோடு நிறுத்துங்கள், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் அவர்கள் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா அன்று தொட்டிக்குக் கொண்டுவந்து சேருங்கள். நகர்த்தும் வேலையை மகனிடமே கொடுத்துவிடுங்கள், அதோடு சண்டை முடிந்துவிடும்.